பழைய கார் வாங்கி இன்சூரன்ஸ் எடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமா?

பொள்ளாச்சியில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய கார் ஒன்றை வாங்கிக் கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை முகவரிக்கு மாற்றப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கார் கேஸில் ஓடுவதற்காகப் பிற்பாடு பொருத்திய கேஸ் கிட்டையும், தம்பி அவ்வப்போது காசுக்குக் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிச் செல்வதையும் சொல்ல வேண்டாம் என்றும், விற்றவருடைய நோ க்ளெய்ம் போனஸை (க்ளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடியை) அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்றும் ஏஜென்ட் சொன்னாராம். இதே எல்லைப் பக்கத்தில் வாகனக் காப்பீடு எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த யோசனைகளில் ஒன்றைக்கூட ஏற்காதீர்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயமாக்குவது, உங்கள் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி காப்பீட்டை மட்டுமே. அது இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி உங்கள் விருப்பம். தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான தனியார் காருக்கு அது 3,416 ரூபாய். ஆகவே போனஸிலோ கேஸ் கிட்டிலோ உண்மையை மறைத்தால் குறைவது ஏறக்குறைய முழுவதும் ஓன் டேமேஜ் பிரீமியம்தான். பின்னால் க்ளெய்ம் மறுக்கப்படுவதும் அதே பகுதியில்தான்.

நோ க்ளெய்ம் போனஸ் காரைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. விற்றவர் ஐந்து ஆண்டுகள் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டி 50 சதவீதத் தள்ளுபடி பெற்றிருந்தால், அதற்குச் சான்று வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் தம்முடைய அடுத்த காருக்கு அவர் பயன்படுத்திக்கொள்வார். உங்களுக்கு அது வராது. (உங்களிடம் முன்பு கார் இருந்து, அதில் நீங்களே சம்பாதித்த போனஸ் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.) ஓன் டேமேஜ் பிரீமியம் எட்டாயிரம் என்று வைத்துக்கொண்டால், பொய்யான 50 சதவீதத்தால் மிச்சமாவது நாலாயிரம். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும் வழக்கம் உண்டு; பாலிசி தரும் அன்று விசாரிக்காவிட்டாலும் பெரிய க்ளெய்ம் வரும்போது நிச்சயம் விசாரிக்கும். பிரீமியம் வாங்கும்போது அவசரம், பணம் தரும்போது நிதானம் என்பது இந்தத் தொழிலின் குணம்.

கேஸ் கிட் விஷயமும் இப்படித்தான். வேலந்தாவளம் பக்கம் மரத்தில் மோதிய கார் ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் பார்க்க வந்த சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்), நசுங்கிய முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே டிக்கியைத் திறக்கச் சொன்னார். சிலிண்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றையும் பாலிசியையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் எரிபொருள் பெட்ரோல் என்று மட்டுமே இருந்தது. விபத்துக்கும் சிலிண்டருக்கும் சம்பந்தம் இல்லை என்று உரிமையாளர் சொன்னது உண்மைதான் என்றாலும், அந்த க்ளெய்ம் மாதக்கணக்கில் இழுத்தது. கிட்டின் மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் கட்டுவதே வழக்கம். 40,000 ரூபாய் கிட் என்றால் 1,600 ரூபாய். அதற்கு முன் ஆர்.சி.யிலும் கிட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

தம்பியின் விமான நிலையச் சவாரிதான் மூன்றிலும் ஆபத்தானது. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கும் கூலிக்கும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை அச்சிலேயே இருக்கிறது. அதை மீறி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்பதோடு, காயம்பட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு அதை உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடவும் கூடும். சவாரி தொடரும் என்றால் பெர்மிட் எடுத்து, மஞ்சள் போர்டுக்கு மாற்றி, வணிக வாகனப் பாலிசி எடுக்க வேண்டும். இல்லையேல் சவாரியை நிறுத்த வேண்டும்.

படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. அவர் மலையாளத்தில் விளக்கி, படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் சொல்லச் சொல்லி, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுத்தால், போன ஆண்டு க்ளெய்ம் உண்டா என்ற இடத்தில் முன்கூட்டியே குறி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கார் கைமாறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தேர்டு பார்ட்டி பகுதி உங்களுக்கு மாறியதாகவே சட்டம் கருதும். ஓன் டேமேஜ் பகுதி தானாக மாறாது என்பதால், மாற்றம் முடியும்வரை காரை வீட்டிலேயே நிறுத்தி வைப்பது நல்லது. பொள்ளாச்சி ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கிக் கேரளப் பதிவெண் பெற்ற பிறகு, அந்த எண்ணையும் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் சொல்லியும் க்ளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதையும் நிராகரித்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிச் செல்லலாம். உங்கள் வீடு இருக்கும் பகுதி கொச்சி அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. பாலிசியைக் கோயமுத்தூர்க் கிளையில் எடுத்திருந்தால் சென்னை அலுவலகத்துக்கும் எழுதலாம்.