டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்குப் பார்ப்பதும் கேட்பதும் மூளையில் எப்படி ஒன்றுசேர்கின்றன? கேட்டுக்கொண்டே வாசித்தால் உதவுமா?

எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைச் சரளமாக வாசிக்கச் சிரமப்படும் நிலை, உண்டு. என் மகனைப் பரிசோதித்த சமயத்தில்தான் எனக்கும் இருப்பது தெரியவந்தது. அதனால் படித்ததோடு பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுத்து தலைகீழாகத் தெரியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு ஒரு நாளும் அப்படித் தெரிந்ததில்லை. 'ழ' நன்றாகவே தெரிகிறது, அதன் ஒலியும் தெளிவாகவே கேட்கிறது. இரண்டும் ஒட்டிக்கொள்ளத்தான் நேரமாகிறது.

நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2009-இல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்களிடம் இதைத்தான் சோதித்தது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் படுத்திருப்பவருக்கு ஓர் எழுத்தைக் காட்டி, கூடவே ஓர் ஒலியையும் கேட்க வைத்தார்கள். சில முறை அந்த எழுத்துக்கு உரிய ஒலி, சில முறை வேறு ஒலி. சரளமாக வாசிப்பவர்களுக்கு ஜோடி பொருந்தினால், காதுப் பக்கம் ஒலியைக் கையாளும் மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது, பொருந்தாவிட்டால் குறைந்தது. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் அந்த வித்தியாசம் சரியாக வெளிப்படவில்லை. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று கேட்டால் எங்களால் சொல்ல முடியும். ஆனால் வேகமாக வாசிக்க அது கேட்காமலே, தானாக நடக்க வேண்டும். இதைச் சோம்பல் என்று திட்டுபவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நேரக்கணக்கும் இதில் சேர்கிறது. 2005-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒளி தோன்றிச் சற்றுத் தாமதித்து வந்த ஒலியைக்கூட டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளை அந்த ஒளியோடு சேர்த்துக்கொண்டது. மற்றவர்களின் மூளை அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. எல்லோருக்கும் இது ஒரே அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். ஆன்லைன் மீட்டிங்கில் திரையின் கீழே ஓடும் எழுத்து எனக்குத் தொல்லை. பேசுபவர் 'டெலிவரி தேதி'க்குப் போயிருப்பார், திரையில் அப்போதுதான் 'கொட்டேஷன்' வந்துகொண்டிருக்கும். இரண்டுமே கைநழுவிவிடும், அதனால் அணைத்து வைத்துவிடுவேன். போன் வாசித்துக் காட்டும்போது, சொல்லும் வார்த்தை அதே நொடியில் மஞ்சளாக மாறுகிற வசதி இருக்கிறதே, அதில் நீளமான கடிதத்தைக்கூட ஒரே மூச்சில் முடிக்கிறேன். வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துப் பாருங்கள்.

டிஸ்லெக்சியா உள்ளவரோடு வேலை பார்க்கிறீர்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்லைடைப் போட்டுவிட்டு அதில் இல்லாத விஷயத்தைப் பேசாதீர்கள். முதலில் வாசிக்க விடுங்கள், பிறகு பேசுங்கள்.