வேலூர் மாடியில் தக்காளி பூத்தும் காய் பிடிக்காதது ஏன்?

செடி இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது, பூவும் வருகிறது, ஆனால் ஒரு காய் கூட நிற்கவில்லை, என்ன உரம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர், மொட்டை மாடி, ஏப்ரல் மாதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உரம் எதுவும் போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பே அதுதான்.

காட்பாடிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் முதல் வருஷம் மாசிக் கடைசியில் நாற்று நட்டேன். சித்திரையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது, தினமும் காலையில் பார்த்தால் செடி வைத்த பைக்கு அடியில் பூவெல்லாம் உதிர்ந்து கிடக்கும். சத்துப் போதவில்லை என்று நினைத்துக் கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன், அப்புறம் சாணி எரு, அதுவும் போதாதென்று ஒரு கை யூரியா. செடி கருகருவென்று தழைத்து இலையாகவே நின்றது, பூ வருவதும் குறைந்துபோனது. தழைச்சத்து கூடினால் தக்காளி அப்படித்தான் செய்யும்.

தெருவில் கீரை விற்கும் ஆயா ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கோடையில தக்காளி வெச்சிருக்கற, அதுக்கு ராவுல குளிரணுமே" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாம் எல்லோரும் பகல் வெயிலைப் பற்றியே பேசுகிறோம், தக்காளிக்கு இரவும் அதே அளவு முக்கியம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுவிடுகிறது, கரு பிடிப்பதில்லை, கரு பிடிக்காத பூவைச் செடி தானே கழற்றிவிடுகிறது. பூக்காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும், பாருங்கள். அந்த இடம் மஞ்சளாகி அங்கேயே ஒடிந்து விழுந்திருந்தால் உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

நம் ஊர்க் கோடையில் பல இரவுகள் 27, 28 டிகிரியிலேயே நிற்கும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, அது போதாதென்று பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தளம், நடு ராத்திரியில் வெறுங்காலோடு நடந்தாலே தெரியும். அந்தத் தளத்தின் மேல் நேராகப் பையை வைத்தால் வேருக்கும் சூடு, பூவுக்கும் சூடு. இன்னொன்று, பூ விரிவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே சூடு அதைக் கெடுத்துவிடுகிறது. அதனால்தான் கோடை மழை பெய்து இரண்டு நாள் குளிர்ந்தாலும் அப்போது விரியும் பூக்கள் நிற்பதில்லை. மதனப்பள்ளி, கோலார் பக்கத்தில் கோடையிலும் தக்காளி விளைகிறதே என்றால், அந்த ஊர்கள் நம்மைவிட நல்ல உயரத்தில் இருக்கின்றன, அங்கே இரவு குளிர்ந்துவிடும்.

வெயில் காரணம் இல்லாத இடங்களும் உண்டு. பூவே வரவில்லை என்றால் நிழலையும் தழைச்சத்தையும் பாருங்கள், ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். இலை சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு செடி குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், அதற்கு மருந்து கிடையாது, மற்ற செடிக்குப் போகும் முன் பிடுங்கிவிடுங்கள்.

குளிர் காலத்திலும் பூ உதிர்ந்தால் மகரந்தம் உதிராமல் இருக்கலாம். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும், ஆனால் பூ அதிர்ந்தால்தான் அது கொட்டும். காற்று ஆட்டும், இல்லையென்றால் கருவண்டு ரீங்காரமிட்டுக் குலுக்கும், சாதாரணத் தேனீயால் அது முடியாது. வலை கட்டி மூடிய மாடியில் இரண்டும் வராது, அதனால் காலை ஒன்பது பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். நான் தினமும் செய்கிறேன், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது நிற்கும் செடியைப் பிடுங்க வேண்டாம். பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், மேலே பாதி நிழல் தரும் பச்சை வலை, மண்ணின் மேல் தேங்காய் மட்டை, காலையும் மாலையும் தண்ணீர். வாடவிட்டு ஒரேயடியாக ஊற்றுவதும் பூவை உதிர்க்கும். இவ்வளவு செய்தாலும் கத்திரி வெயிலில் காய் எதிர்பார்க்காதீர்கள். இந்த மாதங்களில் ஏதாவது காய்க்க வேண்டுமென்றால் நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரி வையுங்கள், 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்தரிதான், தக்காளியைவிட வெயில் தாங்கும்.

தக்காளிக்கு ஐப்பசித் தொடக்கத்தில் விதை போடுங்கள், நாற்றை அடைமழையில் நனையாமல் வைத்திருந்து கார்த்திகையில் நடுங்கள். மார்கழியில் பூக்கும், அப்போது நம் ஊர் இரவு 20 டிகிரிப் பக்கம் இறங்கியிருக்கும், அது தக்காளிக்குப் பிடித்த குளிர். எங்கள் வீட்டில் போன மாசியில் ஆறு பையிலிருந்து பறித்ததை அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம், ஆயாவுக்கு ஒரு முறம் நிறைய.