ஒட்டுக்கா வேல செய்யச் சொன்னா சண்டைதான் வருதுங்க!

கேள்வி: ஏனுங்க, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருக்கேன். 14 டெய்லருங்க, தனித்தனியா பாத்தா எல்லாருமே கை வேகந்தான், ஆனா பொழுதோட எண்ணிப் பாத்தா பீஸ் மட்டும் ஏற மாட்டேங்குது, ஓவர்லாக் மெசின்காரங்களக் கேட்டா பிளாட்லாக் மெசின்காரங்களக் கை காட்டுறாங்க, பிளாட்லாக்கைக் கேட்டா செக்கிங்கைச் சொல்றாங்க. தெனமும் காலைல நிக்க வெச்சு "ஒட்டுக்கா வேல செய்ங்க கண்ணுகளா"ன்னு சொல்லிச் சொல்லி தொண்டை கட்டுனதுதான் மிச்சம். என்னதாங்க பண்றது?

– ஒரு வாசகி, அனுப்பர்பாளையம்

பதில்: மொதல்ல அந்தக் காலை மீட்டிங்க நிறுத்துங்க அம்மணி.

டீக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போனதும் நீங்க மட்டும் லைன்ல ஒரு நடை போய், எந்த மெசினுக்கிட்ட தைக்காத துணிக் கட்டு குமிஞ்சு கெடக்குதுன்னு பாருங்க. டி-சர்ட்டுன்னா கழுத்து ரிப்பு (இழுத்தா நீளுற பட்டி) வெக்கற எடமா இருக்க நெம்ப வாய்ப்புண்டு, ஏன்னா தோள் ஜாயின்ட்டு நேர் தையல், சர்ருன்னு ஓடிரும், கழுத்துக்கு ரிப்பை ஒரே அளவா இழுத்துப் புடிச்சு வட்டமாக் கொண்டு வரணும், இழுவை மாறுனா கழுத்து அலையாட்ட நின்னுக்கும். தோள்ல மணிக்கு 100 ஓடி கழுத்துல 60 ஆகுதுன்னா, யாரு எப்படிப் பறந்தாலும் கடைசில வர்றது 60தான். மிச்சம் 40 கீழ கெடந்து சண்டையாத்தான் மாறும்.

தோள் தைக்கற புள்ளைய ஒரு மணி நேரம் கழுத்துக்கு மாத்தி உக்கார வைங்க. பீஸ் ரேட்டுன்னா (தச்ச பீஸுக்குத் தக்க கூலி) அந்தப் புள்ள வராது, கூலி போகுதுல்ல? நீங்க ஒட்டுக்காங்கறீங்க, சம்பளக் கணக்கு தனித்தனிங்குது. அந்த ஒரு மணி நேரத்துக்கு கூலி கொறையாதுன்னு மொதலாளிகிட்ட மொதல்லயே பேசிருங்க.

அதுக்காக மொத்த லைனுக்கும் ஒரே கூலிக் கணக்குன்னு போட்டுறாதீங்க. பிரான்ஸ்ல மாக்ஸ் ரிங்கல்மன்னு ஒரு விவசாய இன்ஜினியர், ஆளுங்கள கயிறு இழுக்க விட்டு அளந்து 1913ல எழுதுனாரு, 8 பேர் சேர்ந்து இழுத்தா ஒருத்தர் பங்கு, தனியா இழுக்கறதுல பாதி அளவுக்கு எறங்கிருதாம். அவிநாசி தேர் நோம்பில வடத்த சும்மா தொட்டுட்டு நடக்கறவங்க எத்தன பேரு (நானுந்தான்).

அதனால கட்டுல டெய்லர் நம்பர் கட்டாயம் இருக்கணும். நான் செக்கிங்ல இருந்தப்போ ஆல்ட்ரேஷன் பீஸெல்லாம் (தப்பாத் தச்சு, திருத்த வேண்டியது) ஒரே பெட்டில போட்டு சாயங்காலந்தான் திருப்பித் தருவாங்க, அதுக்குள்ள அதே தப்பு 200 பீஸ்ல ஏறியிருக்கும், யாரு தச்சதுன்னே தெரியாம நாங்க வாங்குன பேச்சு இருக்கே! அந்தப் பெட்டிய எடுத்துருங்க. மணிக்கு ஒருவாட்டி செக்கிங் புள்ளையே நேரா தச்சவங்ககிட்ட கொண்டு போய்க் காட்டட்டும், கூச்சப்பட்டா மொத ரெண்டு நாளைக்கு நீங்களும் கூடப் போங்க.