விண்வெளி வீரரா, ஃபார்முலா 1 ஓட்டுநரா, யார் ரொம்ப அபூர்வம்?

உலகக் கணக்கில் இரண்டு கூட்டமுமே சின்னதுதான். 1961-ல் யூரி ககாரின் போனதிலிருந்து பூமியைச் சுற்றி வந்தவர்கள் சுமார் 600 பேர். 1950-லிருந்து ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டியவர்கள் எழுநூற்றுச் சொச்சம். இந்தியக் குடிமக்களை மட்டும் எண்ணுங்கள், அங்கே இரண்டு, இங்கே இரண்டு. பூமியைச் சுற்றி வந்தவர்கள் ராகேஷ் சர்மா, சுபான்ஷு சுக்லா. ஃபார்முலா 1-க்கு நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். ஓட்டுநர்கள் இருவருமே நம்மூர்க்காரர்கள், ஒருவர் கோவை, இன்னொருவர் சென்னை. எனக்கு அதில் தனிச் சந்தோஷம்.

ஆனால் தலைகளை எண்ணி இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். கதவு எந்த வயதில் மூடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஒருமுறை கார்ட்டிங், அதாவது சின்னக் கார்ப் பந்தயம், பார்த்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹெல்மெட் கனத்தில் கழுத்தை ஒருபக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா மண்டியிட்டு ஒவ்வொரு டயரிலும் காற்று பார்த்தார். ஓடி முடித்து வந்ததும் மறுபடி பார்த்தார். ஓட்டுநர் ஆவது அந்த வயதில், வீட்டுக் காசில் தொடங்குகிறது. இருபது வயதில் ஆசை வந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் தாமதம்தான். அப்புறம் ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ் உரிமம், அதற்குக் கீழ்நிலைப் பந்தயங்களில் சேர்க்க வேண்டிய 40 புள்ளிகள். இவ்வளவும் தாண்டினால் 2025-ல் இருந்தது மொத்தம் 20 இருக்கைகள்.

விண்வெளிக்கு அப்படியில்லை. ராகேஷ் சர்மா போனது 35 வயதில், சுக்லா 39-ல். இருவரும் விமானப்படை விமானிகள். சிறுவயதிலேயே அதற்கென்று வீட்டில் யாரும் பணம் கொட்டவில்லை. போட்டி மட்டும் பயங்கரம். 2021-ல் நாசா தேர்ந்தெடுத்த 10 பேருக்காக விண்ணப்பித்தவர்கள் 12,000-க்கு மேல்.

சரி, என் பதில்? கதவு சீக்கிரம் மூடுவது ஓட்டுநருக்குத்தான். இருந்தும் விண்வெளி வீரர்தான் அபூர்வம். காரணம், தகுதி இருந்தும் போக முடியாதவர்கள். 2024-ல் ஜெட்டா பந்தயத்தில் ஃபெராரி அணி ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை என்றதும் மாற்று ஓட்டுநரான 18 வயது ஆலிவர் பேர்மேன் அந்தக் காரில் ஏறினார், ஏழாவதாக வந்தார். மாற்று ஓட்டுநருக்கு அப்படி ஒரு நாள் விடியலாம். ராகேஷ் சர்மாவுக்கு மாற்றாக ரஷ்யாவில் அதே பயிற்சியை முழுதாக முடித்தவர் ரவீஷ் மல்ஹோத்ரா. அவருக்கு அந்த நாள் வரவே இல்லை. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் போக இஸ்ரோவின் ராதாகிருஷ்ணனும் நாகபதி பட்டும் தேர்வானார்கள். 1986 ஜனவரியில் அந்த ஓடங்களில் ஒன்றான சேலஞ்சர் வெடித்தது, அவர்கள் பயணமும் அத்தோடு போயிற்று. அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை. 1984-ல் ராகேஷ் சர்மா போன பிறகு, பூமியைச் சுற்ற அடுத்த இந்தியர் போக 41 ஆண்டுகள் ஆயின.