வீடியோ, வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வந்தப்புறமும் எழுத்துக்குன்னு தனி சக்தி இருக்கா?

இருக்குங்க. அனுபவிச்சுதான் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பழைய லெட்டர் பத்தி சொல்லிடறேன்.

வடக்கு இங்கிலாந்துல விண்டோலாண்டான்னு ஒரு இடம், ரோமானிய ராணுவ முகாம் இருந்த இடம். 1973ல இருந்து அங்க தோண்டத் தோண்ட மெல்லிசான மரத்தகடுங்க கிடைச்சுட்டே இருக்கு, போஸ்ட் கார்டு சைஸ்தான், மேல மையால எழுதியிருக்கு, காத்தே புகாத ஈர மண்ணுல மாட்டினதால மக்கிப் போகல. நிறைய தகடுகள்ல எழுத்து மங்கிப் போய் இன்ஃப்ராரெட் போட்டோ எடுத்துதான் படிச்சாங்க. அதுல ஒண்ணு கி.பி. 100 வாக்குல க்ளாடியா செவெரான்னு ஒரு பெண் எழுதினது, விண்டோலாண்டா தளபதியோட மனைவி லெபிடினாவுக்கு, செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தா அந்த நாள் எனக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும்னு. லெட்டர் முழுக்க எழுத்தர் ஒருத்தர் அழகா எழுதிக் கொடுத்திருக்கார். கடைசி ரெண்டு மூணு வரி மட்டும் வேற கை, கொஞ்சம் கோணல் மாணலா இருக்கும், அது செவெராவே எழுதினதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. உனக்காக காத்திருப்பேன் சகோதரி, என் உயிரேன்னு எழுதியிருக்கா. விஷயம் எல்லாத்தையும்தான் எழுத்தர் எழுதிட்டாரே, அப்புறமும் பேனாவை வாங்கி அந்த ரெண்டு வரியை தானே எழுதணும்னு அவளுக்கு தோணிச்சு பாருங்க, எனக்கு எழுத்தோட அழகுன்னா அதுதான்.

இத்தனைக்கும் எழுத்து பொறந்தது பாசத்தை சொல்றதுக்கு இல்ல. 5000 வருஷத்துக்கும் முன்னாடி மெசபடோமியாவுல, அதாவது இப்போதைய ஈராக் பக்கம், உருக் நகரத்துல, களிமண் பலகையில பதிச்சு வெச்சதுல பெரும்பாலும் தானியம் எவ்ளோ, ஆடு எத்தனைங்கற கணக்குதான்.

இப்ப என் கதை. எனக்கும் அக்காவுக்கும் ரெண்டு வருஷம் பேச்சே இல்ல. அப்பாவை யார் பாத்துக்கறதுங்கறதுல ஆரம்பிச்ச சண்டை. போன் பண்ணா மூணாவது நிமிஷம் ரெண்டு பேர்ல ஒருத்தர் கத்துவோம், வாய்ஸ் மெசேஜ் இன்னும் மோசம், கோவத்துல பேசினது அப்படியே போய் சேந்துடும், அவ அதை திரும்பத் திரும்ப போட்டுக் கேப்பா. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம பேப்பர் எடுத்து எழுத ஆரம்பிச்சேன். முதல் ரெண்டு பேப்பரை கிழிச்சுப் போட்டேன், ஏன்னா எழுதி முடிச்சு படிச்சா அதுல அக்காவே இல்ல, என் நியாயம் மட்டும்தான் இருந்துச்சு. மூணாவதுல, "எப்பவுமே உனக்கு உன் குடும்பம்தான் பெருசு"ன்னு ஒரு வரி. போன்ல இதே வரியை பத்து தடவையாவது சொல்லியிருப்பேன், ஒரு தடவை கூட உறைச்சதில்ல. பேப்பர்ல கண்ணு முன்னாடி பாத்தப்பதான் எவ்ளோ பெரிய வார்த்தைன்னு புரிஞ்சுது. வாயில வந்தது வந்ததுதான், பேப்பர்ல எழுதினதை அடிக்கலாம். பேனாவால அழுத்தி அடிச்சேன். திரும்ப நல்லா எழுதி அனுப்பலாம்னு நெனச்சேன், அப்புறம் விடிஞ்சா மனசு மாறிடும்னு பயந்து அந்த அடிச்ச பேப்பரையே போஸ்ட் பண்ணிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு அக்காகிட்ட இருந்து போன். ஹலோ கூட சொல்லல.

"அந்த அடிச்ச வரியை ட்யூப் லைட்ல பிடிச்சுப் படிச்சுட்டேன்டா."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஸாரிக்கான்னு இழுத்தேன்.

"ஸாரி எல்லாம் வேணாம். நீ அதை அடிச்சிருந்ததாலதான் போனே பண்றேன். அப்பா தூங்கிட்டாரா?"