அரசு நம் பட்டா நிலத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் புறம்போக்கு தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா?

அணைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் நிலம் பாதைக்கு வேண்டுமாம், பதிலுக்கு மேட்டில் புறம்போக்கு தருகிறார்களாம், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உத்தரவு கைக்கு வந்ததா என்று எழுதவில்லை. வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வந்திருந்தால் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் வக்கீல் இல்லை. சேலம் மாவட்டம் கொளத்தூர் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்த அணைக்கு எங்கள் குடும்பம் இரண்டு முறை நிலம் கொடுத்திருக்கிறது. முதல் முறை தாத்தா காலத்தில். 1934-இல் அணையைத் திறந்தபோது அவர் காடு, கிணறு எல்லாம் தண்ணீருக்குள் போனது. பணம் கொடுத்தார்கள், கணக்கு முடிந்தது. அதில் எங்களுக்குப் புகார் கிடையாது. இரண்டாவது முறை நடந்ததுதான் உங்களுக்கு உதவும்.

1979-இல் பரிசல் துறைக்கு வண்டிப்பாதை போட அப்பாவின் காட்டில் 40 சென்ட் கேட்டார்கள். பதிலுக்கு மேட்டில் 50 சென்ட் அரசு தரிசு. பேச்சு நடந்தது கர்ணம், அதாவது ஊர் நிலக்கணக்கு எழுதுகிறவர், வீட்டுத் திண்ணையில். "நான் கணக்குல ஏத்திடறேன், நீ போய் ஏரைப் பூட்டு" என்றாராம். அப்பா அடுத்த வாரமே பூட்டிவிட்டார். பத்து சென்ட் கூட வருகிறதே என்ற சந்தோஷம் வேறு.

1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளையே அரசு ஒழித்துவிட்டது. அவர் ஏற்றினாரா, ஏற்ற நினைத்திருந்தாரா, தெரியாது. அப்புறம் எண்பதுகளில் யு.டி.ஆர் என்று ஊர் ஊராகப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். வந்தவர்கள் பழைய கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ஊரே நடக்கிற பாதை அப்பா பெயரில் பட்டா. அப்பா உழுகிற மேடு அரசு தரிசு.

ஆக, பாதைக்கு அப்பா வரி கட்டினார். மேட்டுக்கு அவருக்கு பி மெமோ வந்தது. தெரியாதவர்களுக்கு: அரசு நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு 1905-ஆம் வருடச் சட்டப்படி போடும் அபராதம்தான் பி மெமோ. அவர்களே கொடுத்த நிலத்தில் அவர் ஆக்கிரமிப்பாளர். ரசீதையெல்லாம் எட்டாக மடித்து, ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். எடுத்துப் பார்த்தால் உமி உதிரும்.

"அப்படியானால் உங்கப்பா ஆக்கிரமிப்பாளர்தானே" என்று கமெண்டில் ஒருவர் வருவார், தெரியும். வரட்டும். அந்தப் பாதையில் நடந்து பரிசல் ஏறினவர்களைக் கேட்டுவிட்டு வரட்டும். எல்லா அதிகாரிகளையும் குறை சொல்லவும் இல்லை. எங்களுக்கு நல்ல யோசனை சொன்னதே ஒரு வி.ஏ.ஓ அம்மாதான். "அந்த அபராத ரசீதைத் தூக்கிப் போட்டுடாதீங்கண்ணா, எத்தனை வருஷமா அனுபவத்துல இருக்கீங்கன்னு காட்ட அதைவிட்டா வேற காகிதம் உங்ககிட்ட இல்லை" என்றார். வருடா வருடம் தாலுகாவில் வருவாய்க் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி ஜமாபந்தியாக அந்த மஞ்சப்பையோடுதான் போய் மனு கொடுத்தேன்.

இப்போது உங்கள் விஷயம். தருகிறோம் என்கிற நிலத்தின் சர்வே எண்ணை வாங்கி, ஊர் நிலங்களையெல்லாம் வகைவாரியாக எழுதிய ஏ ரிஜிஸ்டரில் அது என்ன வகை என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், அணையின் நீர்ப்பிடிப்பு என்றிருந்தால் பேச்சையே விட்டுவிடுங்கள். இன்று யார் கொடுத்தாலும் நாளைக்குக் கோர்ட் பிடுங்கிவிடும். தண்ணீர் இறங்கினால் வண்டல் மண்ணைப் பார்த்து ஆசை வரும். எங்கள் ஊரிலும் அதில் சோளமும் வெள்ளரியும் போடுகிறார்கள்தான். 120 அடிக்குத் தண்ணீர் ஏறினால் எல்லாம் உள்ளே. தரிசு என்றிருந்தால் பேசலாம். ஆனால் இரண்டு சர்வே எண்ணும் எழுதிய உத்தரவு வரவேண்டும், உட்பிரிவு செய்து புலப்படத்தில் (நிலத்தின் அளவு வரைபடம்) கோடு விழவேண்டும், பட்டா உங்கள் பெயருக்கு வரவேண்டும். அதுவரை பழைய நிலத்தில் ஜேசிபி இறங்க விடாதீர்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்வார்கள். அதில் பத்திரப் பதிவு ஆனது மட்டும்தான் வரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. தண்ணீர் வற்றினால் போதும், பண்ணவாடியில் முழுகிய கோயில் நந்தியையும் சர்ச் கோபுரத்தையும் படம் பிடிக்க டிவி வண்டிகள் வரிசை கட்டும். 2017 கோடையில் அணை வற்றிக் கிடந்தபோது, தாத்தாவின் கிணறு இருந்த இடத்தைக் காட்ட அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெடித்த சேற்றில் நாலைந்து கட்டுக்கல் மட்டும் வட்டமாக நின்றது. அதில் ஒன்றில் கயிறு தேய்த்த பள்ளம். அப்பா அதில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிருபர் தம்பி ஓடி வந்து, "பெரியவரே, ஷாட்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார். அவருக்கு நந்தி வேண்டும்.

அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். மேட்டுக்குப் பட்டா 2019-இல் என் பெயரில் வந்தது. பாதை இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு மனு போட்டிருக்கிறேன். போன மாதம் வரி கட்டப் போனபோது கேட்டேன். "ரோட்டுக்கு யாருங்க வரி கட்டுவாங்க" என்று சிரித்துக்கொண்டே ரசீது எழுதிக் கொடுத்தார்கள்.