வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் நிறுவனத்தில் நான்கு வருடம் மூன்று மாதமாக வேலை. கைக்கு 48,000 ரூபாய் வருகிறது (அடிப்படைச் சம்பளம் 25,000). இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதி மாதம் சராசரியாக 22,000 சம்பாதிக்கிறேன். அதில் 15,000 ஒரே விளம்பர ஏஜென்சியின் மொழிபெயர்ப்பு வேலை. மீதி ஆடியோ கதைகளும் பத்திரிகைக் கட்டுரைகளும். கணவர் சிறிய அச்சகம் நடத்துகிறார், வீட்டுக்கு 20,000 தருவார். வீட்டுக்கடன் தவணை 17,000 உட்பட மாதச் செலவு 60,000. வங்கியில் 2.5 லட்சம் இருக்கிறது. அடுத்த மாதமே ராஜினாமா செய்து, பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனைக் குறைத்துவிட்டு முழுநேர எழுத்தாளராகலாமா? – வாசகி, திருச்சி

பதில்: ஆகலாம் அம்மா. ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், பி.எஃப். பணத்தில் கை வைக்கவும் வேண்டாம். இன்னும் ஒன்பது மாதம் பொறுங்கள்.

ஒன்பது மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து வருடம் முடித்துவிட்டு விலகினால் உங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது நிறுவனம் தரும் பணிக்கொடை, கிடைக்கும். 25,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஐந்து வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 72,000 ரூபாய். இப்போதே போனால் இந்தப் பணம் போய்விடும். இந்த ஒன்பது மாதமும் எழுத்தில் வரும் 22,000-ஐத் தொடாமல் சேர்த்தால் சுமார் 2 லட்சம். கிராஜுவிட்டியையும் கையில் இருக்கும் 2.5 லட்சத்தையும் இதோடு சேர்த்தால் மொத்தம் சுமார் 5.2 லட்சம் ஆகிவிடும்.

இனி எழுத்திலிருந்து மாதம் எவ்வளவு வர வேண்டும்? செலவு 60,000-இல் கணவர் தருவது போக 40,000. அலுவலக மருத்துவக் காப்பீடு போய்விடும் என்பதால் சொந்த பாலிசிக்கு 3,000, இன்டர்நெட், லேப்டாப் தேய்மானம், ஆடிட்டர் என்று 3,000, பி.எஃப்.புக்குப் பதிலாக ஓய்வுக்காலச் சேமிப்பு 4,000. ஆக 50,000. எழுத்தில் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும், சேர்த்து வைத்த பணம் பத்து மாதம் தாங்கும். அச்சகத்திலும் ஆடி, மார்கழியில் கல்யாணப் பத்திரிகை வேலை படுத்துவிடும். இரண்டு பேர் வருமானமும் ஏற்ற இறக்கமாக இருக்கப்போகிற வீட்டுக்கு பத்து மாத இருப்பு அதிகம் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்த 15,000. அந்த ஏஜென்சி நாளைக்கே கையை விரித்தால் உங்கள் எழுத்து வருமானம் 7,000 ஆகிவிடும். விளம்பர மொழிபெயர்ப்பில் இப்போது மெஷின் போட்ட தமிழைத் திருத்தித் தரச் சொல்லி, கூலியைக் குறைக்கிறார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து இன்னும் நிறைய வார்த்தைகள் எழுதுவதால் இந்தப் பிரச்சினை தீராது.

உங்கள் கடிதத்திலேயே நீங்கள் கவனிக்காமல் விட்ட சொத்து ஒன்று இருக்கிறது. ஒரு கிளெய்ம் ஏன் நிராகரிக்கப்படுகிறது, காத்திருப்புக் காலம் என்றால் என்ன, அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்ற பில்களிலும் ஏன் பிடிக்கிறார்கள் – இதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இதை நல்ல தமிழில், நோயாளியின் மகனுக்கோ மகளுக்கோ புரிகிற மாதிரி எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு. மருத்துவக் காப்பீட்டு பாலிசியின் தகவல் தாளை, பாலிசிதாரர் கேட்டால் அவருடைய மொழியில் தர வேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு ஒப்புதல் படிவங்கள், டிஸ்சார்ஜ் அறிவுரைகள் தமிழில் வேண்டும். இந்த ஒன்பது மாதத்தில் இப்படி இரண்டு வாடிக்கையாளர்களையாவது பிடியுங்கள், மாதத் தொகைக்கு ஒப்பந்தம் பேசுங்கள். துறை தெரிந்தவருக்குத் தருகிற கூலியை வார்த்தைக் கணக்கில் எழுதுபவருக்கு யாரும் தருவதில்லை. ஆனால் நீங்கள் இருப்பதும் அதே துறை. வெளிவேலை பற்றி நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் இந்த வாடிக்கையாளர்களோடு பேசி மட்டும் வைத்துக்கொண்டு, விலகிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம் வசூல். நன்றாக எழுதுகிறவர்கள் இந்தத் தொழிலை விட்டுப் போவதற்கு, நான் பார்த்த வரையில், பணம் சேருகிற தாமதம்தான் முதல் காரணம். ஜூலையில் முடித்த வேலைக்கு ஆகஸ்டில் பில், தீபாவளி கழித்துப் பணம் என்றால் நடுவில் மூன்று தவணை போய்விடும். ஆதார், பான் வைத்து மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகக் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைகளுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி உண்டு. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் சீக்கிரம் அசையும், ஏனென்றால் உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக அவர்கள் வரிக்கணக்கில் காட்ட முடியாது. புதிய வாடிக்கையாளர் என்றால் பாதித் தொகையை முன்பணமாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

எழுத்துப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். எது வந்தாலும் அதில்தான் விழ வேண்டும். அங்கிருந்து ஒன்றாம் தேதி 50,000 வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். 80,000 வந்த மாதமும் 50,000தான். 20,000 வந்த மாதத்தை அந்த மிச்சம் பார்த்துக்கொள்ளும்.

வரி விஷயம் சுருக்கமாக. ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 10% டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கும். ஏஜென்சி தரும் 1.8 லட்சத்தில் 18,000 அப்படிப் போகும். சம்பளத்தையும் சேர்த்து வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் புதிய வரி முறையில் உங்களுக்கு வரி இல்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் சம்பளக்காரர்களுக்கான எளிய படிவத்தில் இந்த வருமானத்தைக் காட்ட முடியாது. வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். சினிமாவுக்குக் கதை, வசனம், பாடல் எழுதுபவர்களுக்கு அந்தச் சலுகை தெளிவாக இருக்கிறது. உங்கள் வகை எழுத்துக்கு அப்படிப் பெயர் சொல்லி இல்லை. ஆடிட்டரைக் கேட்காமல் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பி.எஃப். அப்படியே இருக்கட்டும். வேலையை விட்டாலும் வட்டி சேரும், அந்த வட்டிக்கு மட்டும் வரி உண்டு. சொந்த மருத்துவ பாலிசியை ராஜினாமாவுக்கு முன்பே, இந்த மாதமே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம் என்பதை நீங்கள் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறீர்கள்.